ஓரத்தில் விரலளவு துணி

உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, அதுல கலர் ஒட்டியிருக்குது, வேட்டி பாழாப் போயிரும். இதுல உக்காருங்க. சாயப்பட்டறைக்கு வெள்ளை வேட்டி கட்டிட்டு ஒருத்தர் வந்தாலே தெரிஞ்சுபோயிருமுங்க, சம்பந்தம் பேச வந்தவருன்னு. மத்தவன் எவனும் வர மாட்டான். பையை எதுக்கு மடியிலயே வெச்சுட்டு இருக்கறீங்க? மேசை மேல வெய்ங்க. சரி, உங்க இஷ்டம். காபியைக் குடிங்க, ஆறிப்போகுது.

உங்க தம்பி குழந்தைவேலு எங்க கோகிலாவைக் கட்டிக்கறேங்கறார்னு போன்ல சொன்னீங்க. எந்தம்பி பொண்டாட்டியை. எந்தம்பி செத்து இன்னும் மூணு வருசம் முழுசா முடியல. இருக்கட்டும். உங்கம்மா, ‘புருசன் வூட்டுப் பெரியவங்க மனசார ஒரு வார்த்தை சொல்லி அனுப்பி வெச்சாத்தான் அந்தப் புள்ளைய வூட்டுக்குள்ள சேத்துவேன்’னு சொல்லீட்டாங்களாமா. நல்ல பொம்பளைங்க உங்கம்மா. இந்தக் காலத்துல யாரு அப்படி நெனைக்கறாங்க. அந்த ஒரு வார்த்தைய எங்கிட்ட வாங்கிட்டுப் போகத்தான் நீங்க வந்துருக்கறீங்க. சரிதானுங்களே?

நான் தடுக்கலீங்க. மொதல்லயே சொல்லிப்போடறேன். இந்த ரோட்டுல சென்னியப்பன்னா யாருகிட்ட வேண்ணாலும் கேட்டுப் பாருங்க, ஒரு பொம்பளப் புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டான்னு எவனும் சொல்ல மாட்டான். ஆனா ஒண்ணுங்க. எங்கிட்ட இருந்து உங்களுக்கு ஒரு வார்த்தை வேணும். அவகிட்ட இருந்து எனக்கு ஒரு வார்த்தை வர வேண்டியிருக்குது. அது வந்துட்டா, நானே வெத்தல பாக்கு வெச்சுக் கையில குடுத்து அனுப்பீருவேன்.

என்ன வார்த்தைன்னு கேக்கறீங்க. சொல்றேன். நீங்களும் வந்த காலோட எந்திரிச்சுப் போயிற முடியாதில்ல, கேளுங்க.

எந்தம்பி மோகனசுந்தரம். மோகனு மோகனும்போம். அவன் எப்படிப் போனான்னு ஊரு ஆயிரம் சொல்லும். ஒல வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமுங்களா? நடந்ததை நான் சொல்றேன். பட்டறைக்குப் பின்னால கழிவுத்தண்ணித் தொட்டி இருக்குது. சாயத்தண்ணி பூரா அங்கதான் வந்து தேங்கும். அன்னைக்கு மோட்டாரு தண்ணி எடுக்கலை. அடியில குழாய் வாயில நூலும் சேறும் அடைச்சுட்டு இருந்துச்சு. அவனா எறங்குனான். எறங்குனவன் ஏறலை. உள்ள விஷவாயு இருந்துச்சுன்னு அப்பறம் சொன்னாங்க. அவ்வளவுதானுங்க. விதி.

பொணத்தைக் கூடத்துல கெடத்தியிருக்குது. ஒறம்பரை சனம் பூரா நிக்குது. மூலையில உக்காந்திருந்த கோகிலா திடுக்குனு எந்திரிச்சு, அத்தனை பேரு முன்னால, எந்தம்பி சாவுக்கு நாந்தான் காரணம்னு சொல்லீட்டா. அண்ணங்காரன் நான். தலைப்புள்ள. அவனைத் தோள்ல தூக்கிப்போட்டு வளத்தவன். எம்மேல பழியைப் போட்டுட்டா. அந்தப் பேச்சை அவ அதே சனத்துக்கு முன்னால இல்லாட்டியும் ஒரே ஒருத்தர் முன்னாலயாச்சும் திருப்பி எடுத்துக்கோணும். ‘அவரா எறங்குனாரு’ன்னு சொல்லோணும். வேற ஒண்ணும் நான் கேக்கலை.

கோவப்பட்டேனான்னா பட்டேன். கோவம் இருக்கற எடத்துலதான் கொணம் இருக்கும்ங்க.

அவ அண்ணங்காரன் ஒரு ஆகாவழி. பொறந்த வூட்டுக் கோடி கொண்டாரோணுமில்லீங்க, புருசன் போன பொம்பளைக்கு? எங்க வழக்கத்துல வெள்ளைச் சேலைதான். அவன் இளம்பச்சையில ஒண்ணு வாங்கிட்டு வந்து நிக்கறான். ‘எந்தங்கச்சி சின்னப் புள்ள, வெள்ளையெல்லாம் வேண்டாம்’ங்கறான். அப்ப நீயே கூட்டிட்டுப் போய் வெச்சுக்கன்னேன். பொண்டாட்டி மூஞ்சியத் திரும்பிப் பாத்தான். பேசறதுக்கு எல்லாருக்கும் வாயி இருக்குது, சோறு போடத்தான் கை வர மாட்டேங்குது.

கருமாதி முடிஞ்ச மக்யா நாளு, அடுத்த நாளே, எம் பொண்டாட்டி சம்பூரணத்துக்கிட்டச் சொல்லி அவ பீரோவுல இருந்த சேலையெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னேன். இருங்க, அவசரப்படாதீங்க. எரிக்கறதுக்கில்லை. எரிக்கறவனுமிருக்கான், ஆத்துல வுடறவனுமிருக்கான். நான் அப்படி வீணாக்கற ஆளில்லை. நமக்குப் பட்டறை இருக்குது. கலர் மாறிப் போன துணிய நாங்க என்ன பண்ணுவோம்? காஸ்டிக்கும் ஹைட்ரோவும் போட்டு, வின்ச்சு மிஷின்ல சுத்த வுட்டு, கொதிக்கக் கொதிக்கக் கலரை உருவி எடுத்துருவோம். துணி பழையபடி வெள்ளையாயிரும். அவ சேலை அவளுக்கே இருக்கட்டும், கலரு மட்டும் போகட்டும்னுதான் நெனைச்சேன். புதுசா வெள்ளைச் சேலை கட்டறதுக்கும், தான் கட்டிப் பழகுன சேலையவே வெள்ளையாக் கட்டறதுக்கும் வித்தியாசமில்லீங்களா? மனசுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்.

எங்க பட்டறையில ஒரு சட்டம் இருக்குதுங்க. எங்கப்பா போட்டது. எந்தத் துணி மிஷினுக்குள்ள போனாலும், வெளிய வந்தாலும், ஓரத்துல விரலளவுக்கு ஒரு பிட் வெட்டி எடுத்துக்கோணும். நாளைக்கு எவனாச்சும் வந்து நான் குடுத்தது இந்தக் கலர் இல்லைன்னு சொன்னா, பிட்டை எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டலாம். இந்தா இந்தக் கத்திரி எங்கப்பா கத்திரிதான், சுத்தி வளைச்சுக் கயித்துல கட்டி மேசையிலயே வெச்சுருக்கறேன் பாருங்க. அவ சேலை ஒவ்வொண்ணுலயும் நானே பிட் வெட்டுனேன். அதோ உங்க தலைக்கு மேல பலகையில குத்தி வெச்சிருக்குது, பாருங்க. கத்திரிப்பூ, கிளிப்பச்சை, ஆனந்தா நீலம், மிளகாப்பழச் சிவப்பு. எந்தம்பிக்குக் கலர்னா உசுரு. சந்தைக்குப் போனா வெறுங்கையோட வர மாட்டான்.

பட்டு ஒண்ணு இருந்துச்சு. கூறைச்சேலை. கல்யாணத்தன்னைக்குக் கட்டுனது, அரக்குக் கலரு. அதை மட்டும் நெஞ்சோட கட்டிப் புடிச்சுட்டுக் குடுக்க மாட்டேங்கறா. ‘இது ஒண்ணை மட்டும் வுட்டுருங்க மாமா. நான் போறப்ப எம்மேல போத்தறதுக்காச்சும் இருக்கட்டும்’ங்கறா. நான் பொறுமையாத்தான் சொன்னேன், ‘அம்மிணி, வெள்ளையா இருந்தாலும் போத்தலாம்’னு. ஒண்ணை வுட்டா எல்லாத்தையும் வுடோணும். சட்டம்னா சட்டம்.

எங்க கலர் மாஸ்டரு ராமலிங்கம் பக்கத்துல நின்னுட்டு, ‘மொதலாளி, அது பட்டுங்க…’ன்னு இழுத்தான். சம்பளம் வாங்கறவன் எனக்குப் பாடம் நடத்தறானான்னு, வாயை மூடிட்டு வேலையப் பாருன்னேன். நாங்க காலங்காலமாப் பருத்திக்காரங்க. பட்டுக்குக் காஸ்டிக் ஆகாதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? போட்டுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்து பாத்தா, வின்ச்சு சுத்திட்டு இருக்குது, துணியக் காணோம். கொழகொழன்னு கரைஞ்சு போச்சு. குச்சிய வுட்டுத் துழாவுனா ஜரிகை மட்டும் கறுத்துச் சிக்குச் சிக்கா வருது, சீப்புல இருந்து எடுத்த முடியாட்ட.

நான் தூக்கி எறியலைங்க. ஒரு கவர்ல போட்டு அவ கையில குடுத்தேன். வேற எவனாச்சும் குடுத்துருப்பானா?

அவ அழுகலை. அதான் எனக்கு ஆச்சரியம். கவரை வாங்கிக்கிட்டு, ‘பிட் எங்கீங்க மாமா?’ன்னா. அது பட்டறைச் சொத்து, பலகையில இருக்குதுன்னேன். சரின்னு போயிட்டா.

பாலியஸ்டர் சேலை ரெண்டு மூணு இருந்துச்சு. அது அவளாட்டமேங்க, எத்தனை கொதிச்சாலும் கலர் அசையறதில்லை. சரி போன்னு கிழிச்சு மிஷின் தொடைக்கப் போடச் சொன்னேன். கிரீஸும் எண்ணெயுமா அது ஒரு மாசம் வந்துச்சு. அவ அந்தப் பக்கம் போறப்பெல்லாம் நின்னு பாப்பா. என்னத்தப் பாக்கறேன்னு கேட்டா ஒண்ணுமில்லீங்க மாமாம்பா. வாய் மட்டும் எப்பவும் மரியாதைதான்.

வூட்டுக்குள்ளயே கெடந்தா புத்தி பேதலிச்சுப்போகும்னு நாந்தான் பட்டறைக்கு வேலைக்கு வரச் சொன்னேன். துணி மடிக்கறது, பிட் வெட்டறது, பலகையில குத்தறது. வெட்டக் கத்துக் குடுத்ததே நாந்தான். மொதல்ல கோணக் கோணலா வெட்டுவா. பல்லுப் பல்லா வரும். நேரா வெட்டுடி, துணிக்கு வலிக்காம வெட்டுன்னு சொல்லிச் சொல்லிப் பழக்குனேன். அவ வேலையை முடிச்சுப்போட்டு இந்தப் பலகை முன்னாலதான் நிப்பா. நான் ஒண்ணும் சொல்லலை. பாத்தா என்ன, பாத்துட்டுப் போகட்டும்னு வுட்டேன்.

அங்கதாங்க நான் ஏமாந்தது.

அடுத்த மாரியாத்தா நோம்பிக்கு ஊரே கோயில்ல நிக்குது. இவ கத்திரிப்பூக் கலர்ல வர்றா. எனக்குத் தலை சுத்திப்போச்சு. வெள்ளையாக்குன அதே சேலை. அதே கலர். ராத்திரியோட ராத்திரியா வந்து பலகையில இருந்த பிட்டோட மனசுல வெச்சுப் பாக்கறேன், அச்சு அசல். அந்த ராமலிங்கம் பய, பிட்டைப் பாத்துச் சாயம் கலக்கி, எம் பட்டறையிலயே, எந் தண்ணியில, எந் நெருப்புல போட்டுக் குடுத்துருக்கான். வேலைன்னா வேலைங்க, அதை நான் குறை சொல்ல மாட்டேன். மக்யா நாளே கணக்கை முடிச்சு அனுப்பீட்டேன்.

கோயில்லயே அவளைக் கழட்டச் சொல்லலைங்க. நான் அப்படிப்பட்ட ஆளில்லை. நோம்பி முடியட்டும்னு வுட்டு, காலையில வாங்கி மறுபடியும் ஹைட்ரோவுல போட்டேன். வெள்ளையாயிருச்சு. கொஞ்ச நாள் கழிச்சு அவளே சாயம் போட்டுக்கிட்டா. ராமலிங்கம் போனாலும் கைப்பக்குவத்தை வுட்டுட்டுப் போயிருக்கான். நானும் மறுபடி உருவுனேன். அவ மறுபடி போட்டா. நான் மறுபடி உருவுனேன். யாரு மொதல்ல சலிச்சுப்போறாங்கன்னு பாத்துருவோம்னு எனக்கும் ஒரு வைராக்கியம். இடையில ஒரு நாள் கூப்புட்டுச் சொன்னேன், ‘அம்மிணி, அவரா எறங்குனாருன்னு ஒரு வார்த்தை சொல்லீரு, அப்பறம் நீ வானவில்லையே கட்டு, நான் ஏன்னு கேக்கலை’ன்னு. தரையவே பாத்துட்டு நின்னா. என்ன அழுத்தம் பாருங்க.

துணி எத்தனைதான் தாங்கும்? ஹைட்ரோவுல திருப்பித் திருப்பிப் போட்டா நூல் செத்துப்போகுமுங்க. பாக்கறதுக்குச் சேலையாட்ட இருக்கும். தொட்டா நனைஞ்ச அப்பளம்.

எம் பொண்ணு நிவேதா கல்யாணம் வந்துச்சு. உங்களுக்குத் தெரியாததா, பந்தல் போட்டதே உங்க தம்பிதானுங்களே. காலையில இவ வந்து, ‘மாமா, இந்தச் சேலை தாங்காது, வேற ஒண்ணு குடுங்க’ன்னா. எனக்குக் கல்யாண வேலை தலைக்கு மேல இருக்குது. இருக்கறதுலயே நல்ல வெள்ளை அதான், ஒறம்பரை முன்னால அதைத்தான் கட்டோணும், முகூர்த்தம் முடியற வரைக்கும் சமையல் பக்கம் இருந்துக்கன்னேன். தப்புங்களா? சொல்லுங்க.

பந்தி நடக்குது. சாம்பார் அண்டாவைத் தூக்கிட்டு நிமிர்றா. டர்ர்ர்னு ஒரு சத்தம். இடுப்புல இருந்து முழங்கால் வரைக்கும் போயிருச்சு. பந்தியில உக்காந்திருந்த சனம் பூரா இலையை வுட்டுத் தலையத் தூக்கிப் பாக்குது. பின்னால ஒருத்தன் சிரிச்சான். அவ கையில கொதிக்கற அண்டா. அதை வுட்டாத்தான் சேலையப் புடிக்க முடியும், வுட்டாச் சுத்தியிருக்கற கொழந்தைங்க மேல ஊத்தும். அப்படியே நின்னா. ஒண்ணை மெச்சோணுமுங்க, ஒரு சொட்டு சிந்தலை.

ஏணி மேல நின்னுட்டு இருந்த உங்க தம்பி குதிச்சு வந்து, பந்தல்ல கட்டியிருந்த சைடு துணிய உருவி அவமேல சுத்தீட்டார். உதவிதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா என்ன கலர்ங்க அது? மஞ்சளும் சிவப்பும். எம் பொண்ணு கல்யாணத்துல, மங்கலகரமான எடத்துல, தாலியறுத்தவ ஒருத்தி மஞ்சளும் சிவப்புமா நடு மண்டபத்துல நிக்கறா. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க எங்கிட்ட வந்து யாரு இதுன்னு கேக்கறாங்க. நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? அவ என்ன சங்கட்டப்பட்டாளோ எனக்குத் தெரியாது. நான் பட்டது கடவுளுக்குத்தான் தெரியும்.

அன்னைக்கு உருவுன துணியில இருந்துதான் இந்தச் சம்பந்தம் முளைச்சிருக்குது. எனக்கு எல்லாம் தெரியுமுங்க. உங்க தம்பி பில்லு வாங்க வர்றேன் பில்லு வாங்க வர்றேன்னு எத்தனை தடவை வந்தாரு. பட்டறைக் கேட்டு ஓரத்துல நின்னு அவளைப் பாத்துட்டுப் போவாரு. நான் பாத்தும் பாக்காதமாதிரி இருந்தேன்.

கல்யாணத்துக்கு அப்பறம் ஒரு முடிவுக்கு வந்தேன். கலருதான வேணும் உனக்கு, இந்தா எடுத்துக்கன்னு, கறுப்புச் சாயம் போடற பக்கம் மாத்திவுட்டேன். இப்ப அங்கதான் இருக்கா. கையுறை கேட்டா. கையுறை போட்டா வேலை ஓடாதுங்க, துணியோட பதம் கைக்குத் தெரியாது. முழங்கை வரைக்கும் கறுப்பு ஏறிக் கெடக்குது. எதுல தேச்சாலும் போகாது. உங்க தம்பி கிட்டக்க வெச்சுக் கையப் பாத்துருக்காரா? நான் எதுக்கு மறைக்கோணும், பொண்ணு குடுக்கறவன் குறையச் சொல்லித்தான் குடுக்கோணும். வெள்ளைச் சேலையில அந்தக் கையப் பாத்தாக் கொஞ்சம் மலைப்பாத்தான் இருக்கும். உங்கம்மா பாத்தா என்ன சொல்லுவாங்களோ.

இல்லீங்க, இல்லீங்க. எரிச்சல்ல சொல்லலை. எம் பொண்ணாட்டத்தான் நெனைக்கறேன் அவளை. அந்த ஒரு வார்த்தைய மட்டும் அவ சொல்லீட்டா.

என்ன கேக்கறீங்க? அன்னைக்கு அவ சரியா என்ன சொன்னாள்னா?

எதுக்குங்க அது. செத்தவனைத் தோண்டி எடுக்கறமாதிரி. சரி, கேட்டுப்போட்டீங்க. பொணத்துக்கு முன்னால நின்னுட்டு, ‘நாத்தம் தாங்கலைண்ணான்னு மேல ஏறி வந்தவரை மறுக்கா எறங்கச் சொன்னது நீங்கதான மாமா’ன்னா. மத்தியானச் சோறு கொண்டாந்தவ தூக்குப்போசியும் கையுமா அங்க நின்னுட்டு இருந்திருக்கா. நான் பாக்கலை.

ஏறி வந்தது நெசந்தாங்க. பாதி தூரம் எறங்கிட்டு, கண்ணெல்லாம் எரியுதுன்னு ஏறி வந்தான். நான் மேலதான் நின்னேன். நான் எறங்கியிருப்பேன், எனக்கு முழங்கால் வலி. லாரி வந்து நிக்குது, தண்ணி போகாட்டி மிஷின் பூரா நின்னுபோகும். ‘சாயப்பட்டறைக்காரனுக்கு நாத்தமாடா, பொட்டச்சியாட்ட என்னடா பேசற’ன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அண்ணன் தம்பிக்குள்ள இதுகூடப் பேச மாட்டமுங்களா? அதைக் கேட்டு அவன் எறங்குனான்னா அதுக்கு நானா பொறுப்பு? கழுத்தைப் புடிச்சா தள்ளுனேன்? காலு அவன் காலு. அவனாத்தான் எறங்குனான். நீங்களே சொல்லுங்க, அவனாத்தான எறங்குனான்?

தலையைக் குனிஞ்சுட்டா என்னுங்க அர்த்தம்?

சரி வுடுங்க. அவளையே கூப்புடறேன். உங்க முன்னாலயே கேட்டுப்போடலாம். கோகிலா! ஏ அம்மிணி, அந்த வேலைய அப்படியே போட்டுட்டு இங்க வா!

வர்றா பாருங்க. கும்புடு அம்மிணி, குழந்தைவேலோட அண்ணன் வந்துருக்காரு. கையை எதுக்குப் பின்னால மறைக்கற? நான் எல்லாத்தையும் சொல்லீட்டேன். பரவாயில்லை, காட்டு.

ஆ, இப்பத்தான் பையைத் தொறக்கறீங்க. நெனைச்சேன், சேலையாத்தான் இருக்கும்னு. குடுங்க, இப்படிக் குடுங்க, அவகிட்டக் குடுக்கறதுக்கு முன்னால நான் பாத்துக்கறேன். மாம்பழக் கலரு. அரக்குல பார்டரு. உங்கம்மா எடுத்ததா, தம்பி எடுத்ததா? தம்பியா. தொட்டாலே தெரியுது, பட்டு. இப்பத் தெரியுமுங்க எனக்கு, பட்டுன்னா என்ன, அதுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு.

கோகிலா, நல்லாக் கேட்டுக்க. இவரு முன்னால சொல்லு. ‘அவரா எறங்குனாரு.’ அவ்வளவுதான். சொல்லீட்டா இந்தச் சேலைய முழுசா உங்கையில குடுக்கறேன், கத்திரி படாது. நானும் சம்பூரணமும் கேட்டு வரைக்கும் வந்து வழியனுப்பறோம். இவங்கம்மா கேட்ட வார்த்தைய மனசாரச் சொல்லி அனுப்பறேன். நீயும் ஒரு வூட்டுல கலர் கட்டிட்டுப் போய் நெறைஞ்சு இருக்கலாம். சொல்லாட்டி, உனக்கே தெரியும். பிட் வெட்டாம எந்தத் துணியும் இந்தப் பட்டறையில இருந்து வெளிய போகாது. கல்யாணச் சேலையில கத்திரி பட்டா நல்லதில்லைன்னு எனக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். பாருங்க, இவரு மூஞ்சியே மாறிப்போச்சு. ஏற்கெனவே ஒருத்தனைத் தின்னுட்டு நிக்கறவ, ரெண்டாவது சேலையும் அறுபட்டதாக் கட்டுனாள்னா இவங்கம்மா என்ன நெனைப்பாங்க? யோசிச்சுச் சொல்லு. அவசரமில்லை.

சொல்லு அம்மிணி.

ஒரு வார்த்தைதான. காத்துல போற வார்த்தை. செத்தவன் வந்து கேக்கப் போறானா?

எதுக்கு இப்பக் கிட்ட வர்ற? அங்கயே நின்னு சொல்லு. கத்திரிய எதுக்கு எடுக்கற? ஏ கோகிலா. கத்திரிய வெய். வெச்சுட்டுப் பேசு. நான் வெட்டறதைப் பத்தித்தான் சொன்னேன், உன்னை எவன் வெட்டச் சொன்னது. அந்தச் சேலைய வுடு. உங் கறுப்புக் கையோட அதைத் தொடாத. வுடுடி.

வெட்டீட்டாளுங்க.

பிட்டை எங் கையில வெச்சுட்டா பாருங்க. ‘பலகையில குத்திக்கங்க மாமா’ங்கறா. கேட்டீங்களா, இப்பவும் மரியாதைதான்.

சேலையத் தூக்கிட்டு அங்க எங்க போறா? அம்மிணி, அடுப்புல கறுப்பு கொதிச்சுட்டு இருக்குது, அதை யாரு பாப்பா? நீங்க எதுக்கு எந்திரிச்சுட்டீங்க? காபிகூடக் குடிக்கலை. ஏனுங்க, அறுபட்ட சேலையோட அவளைக் கூட்டிட்டுப் போயி உங்கம்மாகிட்ட என்னத்தைச் சொல்லுவீங்க? நில்லுங்க. பேச்சு இன்னும் முடியலை. அவ அந்த வார்த்தைய இன்னும் சொல்லவே இல்லை.

சரி, போங்க. போங்க. உங்கம்மா கேட்டா, சென்னியப்பன் தடுக்கலைன்னு சொல்லுங்க. அதை மட்டும் மறக்காமச் சொல்லுங்க.

செத்த நில்லுங்க, ஒரே நிமிசம். இதைப் பாருங்க, எப்படி வெட்டியிருக்கான்னு. நூல் புடிச்சமாதிரி. ஒரு பிசிறு இல்லை. நான் பழக்குனதுங்க.